ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்குக் குடும்பத்தோடு போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடசாலை விடுமுறை தொடங்கினால் எனக்குத் தொலைபேசி அழைப்பும் தொடங்கிவிடும். "நீ கண்டியிலதானே இருக்க, பிள்ளைகளை எங்க கூட்டிட்டுப் போறது?" தலதா மாளிகை, பேராதனைப் பூந்தோட்டம், யானை எல்லாம் பார்த்து முடித்தவர்களுக்கு நான் சொல்வது ஹந்தானைத் தேயிலை நூதனசாலை. சொன்னதும் வரிசையாகக் கேள்விகள் வரும். எங்கள் அம்மாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் போய் வந்ததை வைத்து அந்தக் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர்.

தேயிலையைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

முதலில் வருவது இந்தக் கேள்விதான். கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பேன்: ஸ்டோருக்குள் எத்தனை தடவை போயிருக்கிறீர்கள்? (வெளியூர்க்காரருக்கு ஒரு வார்த்தை: தோட்டத்தில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை.) கொழுந்து எடுத்தவர்கள் மடுவத்தில் நிறுத்துக் கொடுத்ததோடு சரி. லொறி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஸ்டோர் வேலையை நடத்தும் டீமேக்கர் ஐயாவின் ராஜ்யம். எங்கள் அம்மா தன் கொழுந்து தூளாக மாறும் வழியை முழுதாகப் பார்த்தது இந்த நூதனசாலையில்தான்.

கட்டடமே ஒரு பழைய ஸ்டோர்தான். 1925இல் கட்டப்பட்டது. வேலை நின்று, சும்மா கிடந்து, பிறகு 2001இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. நான்கு மாடி. கீழே எஞ்சின்களும் பழைய தேயிலை இயந்திரங்களும், அதற்கு மேலே பழைய பொருட்களும் நூல்களும், அப்புறம் தேயிலைக் கடைகள், உச்சியில் தேநீர் குடித்துக்கொண்டே மலையைப் பார்க்க ஓர் இடம்.

வெளியில் நின்று ஒரு நிமிஷம் அதன் ஜன்னல்களை எண்ணச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அது நல்ல தொடக்கம். மாடிக்கு மாடி வரிசையாக ஜன்னல். பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டும் தட்டுகள் மேல்மாடிகளில் இருந்தன. ஈரம் வெளியே போகவும் காற்று உள்ளே ஓடவும் வேண்டும் என்பதற்காகத்தான் மலையகத்து ஸ்டோர்கள் எல்லாம் இப்படி உயரமாக, ஜன்னல் ஜன்னலாக நிற்கின்றன.

எப்படிப் போவது? எந்த நாளில் போவது?

கண்டி நகரத்திலிருந்து நாலைந்து கிலோமீற்றர் ஏற்றம். உடுவெல பஸ் அந்த வழியாகப் போகும், ஆனால் அடிக்கடி கிடையாது. நாலு பேர் என்றால் ஆட்டோ பிடிப்பதே மேல். வாடகையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள், காத்திருந்து திருப்பிக் கொண்டுவந்து விடவும் சேர்த்து. இறங்கும் வழியில் ஆட்டோ கிடைப்பது கஷ்டம்.

திங்கட்கிழமை பூட்டியிருக்கும். இதை நான் தெரிந்துகொண்ட விதம் வெட்கக்கேடு. முதல் தடவை எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, சோறு கட்டிக்கொண்டு, போய்ச் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. கேற்றுக்கு வெளியே மதில் ஓரத்தில் உட்கார்ந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். மாலையில் சீக்கிரமே மூடிவிடுவார்கள் என்பதால் காலையில் போவதே நல்லது. மதியத்துக்குப் பிறகு ஹந்தானையில் மூடுபனி இறங்கினால் மேல்மாடியிலிருந்து ஒன்றும் தெரியாது.

எத்தனை வயதுப் பிள்ளைகளுக்குச் சரிவரும்?

ஏழு எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. எங்கள் சின்னவனுக்கு அப்போது ஐந்து. கீழ்மாடி எஞ்சின்களைப் பார்த்து வாயைப் பிளந்தவன், கண்ணாடிப் பெட்டிகள் இருக்கும் மாடிக்கு வந்ததும் "போவோமா" என்று ஆரம்பித்துவிட்டான். அந்த வயதுக்காரரைக் கீழேயே அதிக நேரம் விடுங்கள். மாடிப்படி நிறைய ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களும் குழந்தையைத் தூக்கி நடப்பவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சொல்கிறேன். பழைய இயந்திரங்களின் உடம்பில் செய்தவர் பெயரும் ஊரும் வார்ப்பெழுத்தில் இருக்கும். அதைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்துத் தோட்டங்களுக்கு உலர்த்தும் அடுப்பு பெல்பாஸ்ட் நகரிலிருந்து வந்தது, சிரோக்கோ என்ற பெயரில். மற்ற இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன, கொழும்பிலேயே செய்தவையும் உண்டு. கப்பலில் வந்து, ரயிலில் ஏறி, கடைசிச் சில மைல் மாட்டு வண்டியிலோ ஆள் தோளிலோ மலை ஏறிய இரும்பு அது. எங்கள் மூத்தவள் ஒரு ரோலரைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதை யாரு தூக்கினாங்க?" என்று கேட்டாள். சரியான கேள்வி. கீழே அதற்கு வருகிறேன்.

இயந்திரங்களைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

வரிசையை முதலிலேயே சொல்லிவிட்டால் எல்லாம் விளங்கிவிடும்: வாட்டு, உருட்டு, சிவக்க விடு, உலர்த்து, சலி. ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னாலும் "இது எந்த வேலைக்கு?" என்று கேட்டால் போதும்.

பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை இரவு முழுக்கக் காற்றில் வாட்டுவார்கள். இலை துணியைப் போலத் துவண்டு வரவேண்டும், அப்போதுதான் உருட்டும்போது நொறுங்காது. முன்பு சாக்குத் துணி இழுத்துக் கட்டிய தட்டுகளில் பரப்பினார்கள், பிறகு அடியிலிருந்து மின்விசிறி காற்றடிக்கும் நீளத் தொட்டிகள் வந்தன.

அடுத்தது ரோலர். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் அது செய்வது ஒரே வேலை. ஒரு வட்ட மேசை, அதன் மேல் அடியில்லாத பெரிய அண்டா போன்ற ஒரு பெட்டி. பெட்டிக்குள் வாடிய இலை. மேலிருந்து மூடி அழுத்த, பெட்டி மேசை மேல் சுழன்று சுழன்று போகும். மேசையில் மேடு மேடாகப் பட்டைகள் இருக்கும், தடவிப் பாருங்கள். வரும் வழியில் ஒரு செடியிலிருந்து இலை ஒன்றைப் பறித்து வைத்துக்கொண்டு, பிள்ளையின் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கை பச்சையாகி, இலை சுருண்டு, சாறு கசியும். ரோலர் செய்வது அதைத்தான். எங்கள் அப்பா ரோலர் அறையில் வேலை செய்தவர். வீட்டுக்கு வந்தால் அவர் கை ரேகைகளில் கறுப்புச் சாயம் படிந்திருக்கும், சவர்க்காரம் போட்டாலும் போகாது. அவர் போய்ப் பத்து வருஷமாகிறது. ரோலர் முன்னால் நின்றபோது அம்மா அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொன்னார்: "தாத்தா கை இந்த நெறம்."

உருட்டியதைப் பரப்பி வைத்தால் செம்பு நிறமாகும். இதை நொதித்தல் என்று பலகைகளில் எழுதியிருந்தாலும், கள்ளுப் புளிப்பதைப் போன்ற சமாசாரம் இல்லை. வெட்டி வைத்த கத்தரிக்காய் காற்றுப்பட்டுக் கறுப்பதைப் போன்றது. சரியான நேரத்தில் நிறுத்தாவிட்டால் சரக்குக் கெட்டுப்போகும். சூடு காட்டுவது அதை நிறுத்தத்தான். உலர்த்தி வெளியே வரும்போது ஈரம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கு இறங்கியிருக்கும். அப்புறம் சல்லடை. அளவைப் பார்த்துப் பிரித்து பீ.ஓ.பி. (புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ), டஸ்ட் என்று பெயர் வைப்பார்கள். அந்தப் பெயர்கள் பெரும்பாலும் தூளின் அளவைச் சொல்பவை. டஸ்ட் என்றால் குப்பை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை.

ஒரு கணக்கு: ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். கடை மாடியில் பாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்து, இதற்கு எத்தனை கிலோ எடுத்திருப்பார்கள் என்று கேளுங்கள்.

ஜேம்ஸ் டெய்லர் என்று எழுதியிருக்கிறதே, யார் அவர்?

ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் பதினாறு பதினேழு வயதில் வந்தவர். 1867இல் தெல்தோட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இலங்கையில் வியாபாரத்துக்குத் தேயிலை பயிரிட்டது அங்கேதான் தொடங்கியது. ஆரம்பத்தில் அவருடைய பங்களா விறாந்தைதான் ஸ்டோர். மேசையில் வைத்துக் கையால் உருட்டி, கரி அடுப்பில் உலர்த்தினார்கள். 1873இல் லண்டனுக்குப் போன அவருடைய தேயிலை வெறும் 23 றாத்தல், இப்போதைய கணக்கில் பத்துக் கிலோ சொச்சம். 1892இல் லூல்கந்துரவிலேயே இறந்தார், கண்டி மஹியாவை மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அவரோடு தொடர்புள்ள பொருட்களை நூதனசாலையில் வைத்திருக்கிறார்கள்.

அவருக்கு முன்னால் இந்த மலையெல்லாம் கோப்பி. 1869இல் இலைத்துரு நோய் தென்பட்டது, அடுத்த பதினைந்து இருபது வருஷத்தில் கோப்பித் தோட்டங்கள் நொடித்துப்போயின. பிள்ளைகளிடம் சொல்ல இது நல்ல கதை: ஒரு பூஞ்சணம் வந்து ஒரு நாட்டின் தொழிலையே மாற்றியது.

நம்முடைய ஆட்களைப் பற்றி அங்கே இருக்கிறதா?

என் கண்ணுக்கு, போதாது. இயந்திரங்களும் துரைமார் கதையும் விலாவாரியாக இருக்கின்றன. கொழுந்தெடுக்கும் பெண் படமாக வருகிறாள், பெயராக வருவதில்லை. டெய்லர் 19 ஏக்கர் நட்டார் என்று எழுதும்போது மண்வெட்டி யார் கையில் இருந்தது என்பது விடுபட்டுப் போகிறது.

அந்தக் குறையை நிரப்ப இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை. சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தொடங்கியது. இருப்பது லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருந்த வரிசை வீட்டில். பெரிய கட்டடத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வீட்டுப் பாத்திரம், வேலைக் கருவி, படங்கள், பத்திரங்கள், அவ்வளவுதான். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் (அறைக்குள்) ஒரு குடும்பம் முழுக்க வாழ்ந்தது என்று வாயால் சொல்வது வேறு, அந்தக் காம்பராவுக்குள் உங்கள் பிள்ளை நின்று பார்ப்பது வேறு. போகும் முன்பு தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனால் திறந்து காட்ட ஆள் இருப்பார்கள்.

இரண்டாவது வழி இன்னும் சுலபம்: வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். "அவருக்கு எதுக்கு அலைச்சல்" என்று நானும் முதலில் நினைத்தவன்தான். காட்சிக்கு வைத்திருந்த கொழுந்துக் கூடை ஒன்றின் முன்னால் அம்மா நின்றார். ஒன்றும் பேசவில்லை. பிறகு கூடையின் கயிற்றைக் காட்டி, "இது இவ்வளவு மெல்லிசா இருந்தா மண்டைய அறுத்துரும்" என்றார். தலையில் சீலைத்துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் கயிற்றை மாட்டுவதையும், இடுப்பில் முரட்டுத் துணியான படங்கைச் சுற்றிக் கட்டுவதையும், மட்டக்கம்பை வாதின் (செடிக் கிளையின்) மேல் போட்டுக் கொழுந்தின் மட்டம் பார்ப்பதையும் அந்த இடத்திலேயே செய்து காட்டினார். காலையில் ஆள் கூடும் பெரட்டுக்கு நேரத்தோடு போகாவிட்டால் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை விரட்டிவிடுவதும், எடுத்த கொழுந்து றாத்தல் குறைந்தால் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழுவதும், வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் என்னை விட்டுவிட்டு மலைக்குப் போனதும் ஒவ்வொன்றாக வந்தன. பக்கத்தில் நின்ற வேறொரு குடும்பமும் எங்களோடு சேர்ந்துகொண்டு கேட்டது. அங்கிருந்த எந்தப் பலகையிலும் இதில் ஒன்றும் இல்லை.

மூத்தவள் கேட்ட "இதை யாரு தூக்கினாங்க?" என்ற கேள்விக்கும் விடை இங்கேதான். கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் ஆள் போதும், முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். தேயிலை அப்படியில்லை, வருஷம் முழுக்கக் கொழுந்து வரும், ஆளும் வருஷம் முழுக்க வேண்டும். அதனால்தான் குடும்பம் குடும்பமாக லயத்தில் தங்கிப்போனார்கள். 2023இல் அந்த வருகையின் இருநூறு வருஷத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது, செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

அதே நாளில் வேறு எதையாவது சேர்த்துப் பார்க்க முடியுமா?

கடுகண்ணாவை ரயில் நூதனசாலை. கண்டியிலிருந்து கொழும்புப் பக்கம், ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது. இலங்கை ரயிலுக்கு 150 வருஷம் நிறைந்ததையொட்டி 2014 டிசம்பரில் திறந்தார்கள். பழைய எஞ்சின், பெட்டி, சிக்னல் எல்லாம் வெளியிலேயே நிற்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு ஹந்தானையை விட இதுதான் பிடிக்கும். கண்டியில் ரயில் ஏறி அங்கே போய் இறங்கினால் பாதிச் சந்தோஷம் வழியிலேயே கிடைத்துவிடும்.

இந்த ரயில் மலை ஏறியது கோப்பிக்காக. கண்டிக்கு ரயில் வந்ததும் 1867, டெய்லர் தேயிலை போட்டதும் 1867. கோப்பி போனாலும் தண்டவாளம் தேயிலைக்கு உதவியது. நானுஓயாவுக்கு 1885இல் போய், பதுளையைத் தொட 1924 ஆனது. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரையுள்ள ஏற்றம் கடுமையானது. நீராவிக் காலத்தில் ரம்புக்கனையில் பின்னாலிருந்து தள்ள இன்னோர் எஞ்சின் பூட்டுவார்கள்.

கம்பளையையும் கடுகண்ணாவையையும் ஹந்தானையையும் ஒரே நாளில் பார்க்கத் திட்டம் போடாதீர்கள். பிள்ளைகள் மூன்றாவது இடத்தில் அழுவார்கள், பெரியவர்கள் இரண்டாவதிலேயே முகத்தைச் சுளிப்பார்கள்.

சுரங்கம் ஏதும் பார்க்க முடியாதா?

மலையகத்தின் ஓரங்களில் உண்டு. இரத்தினபுரியில் மாணிக்கக் குழிகள், கேகாலை மாவட்டத்தில் போகல பென்சில்கரி (கிராபைட்) சுரங்கம். இலங்கைப் பென்சில்கரி பாறைப் பிளவில் நரம்பு நரம்பாக ஓடுவது, மிகச் சுத்தமானது. மாணிக்கக் குழியில் மரக்கட்டையை அடுக்கி, இடையில் பன்னம் இலையைத் திணித்து மண் சரியாமல் தடுப்பார்கள். கீழே கல் கலந்த சரளைப் படையை எட்டியதும் அள்ளிக் கூடையில் அரிப்பார்கள். அந்தச் சரளைப் படையை இல்லம் என்பார்கள். தெரிந்தவர் யாராவது கூட்டிப் போனால் பாருங்கள், ஆனால் குழி விளிம்புக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். மழை பெய்திருந்தால் போகவே வேண்டாம்.

பார்க்க முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்தது என்பதால். பலாங்கொடைக்குக் கிழக்கே சமனலவெவ நீர்த்தேக்கப் பக்கத்தில் ஆயிரம் வருஷத்துக்கு முந்திய இரும்பு உலைகள் கண்டுபிடிக்கப்பட்டன. துருத்தி ஊத ஆள் வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று மோதும் சரிவில் மேற்கே பார்த்து உலையைக் கட்டி, காற்றையே ஊத வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர் கில் ஜூலெஃப் அதே மாதிரி உலை கட்டி எரித்துப் பார்த்து, அதில் உருக்கு வருவதை 1996இல் எழுதினார். பல உலைத் தடங்கள் இப்போது நீர்த்தேக்கத்துக்குள். ஆடிக் காற்று அடிக்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

நூதனசாலைக்குப் பதிலாக ஓடும் ஸ்டோர் ஒன்றைப் பார்த்தால் என்ன?

அதுவும் நல்லதுதான், வாசத்துக்காகவே போகலாம். ஹப்புத்தளைப் பக்கம் தம்பத்தென்ன ஸ்டோர் 1890இல் தோமஸ் லிப்டன் கட்டியது, இன்னும் ஓடுகிறது. ஆனால் ஓடும் ஸ்டோரில் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது, இயந்திரத்தைத் தொடவும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஞாயிறு கொழுந்து எடுக்காவிட்டால் திங்கட்கிழமை அரைக்க ஒன்றும் இருக்காது, அதனால் அங்கேயும் திங்களைத் தவிருங்கள்.

ஒரு ஸ்டோரில், பெயர் வேண்டாம், எங்களுக்கு வழிகாட்டியவர் ஆங்கிலத்திலேயே ஒப்பித்துக்கொண்டு போனார். தமிழில் சொல்லச் சொன்னதற்கு "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றார். தமிழ் தெரிந்தவர்தான் அவர். கேட்டுப் பார்க்காமல் விடாதீர்கள். எல்லாரும் அப்படியில்லை.

குளிர், சாப்பாடு, கடைச் செலவு?

ஹந்தானையில் நுவரெலியாக் குளிர் இல்லை, ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் குடையும் போதும். அட்டை இருக்கும், புல்லில் இறங்கினால் காலைப் பாருங்கள். சோறு கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் கட்டடத்துக்குள் பிரிக்காதீர்கள். கடையில் அழகான தகரப் பேணிகளில் தேயிலை கிடைக்கும், பரிசுக்கு வாங்கலாம். வீட்டுக்குக் குடிக்க என்றால் கண்டிக் கடையில் வாங்குவது மலிவு.

மேல்மாடியில் தேநீர் கேட்டோம். வெள்ளைக் கோப்பையில், தட்டு வைத்து, பால் தனியாக வந்தது. அம்மா பாலைத் தள்ளி வைத்துவிட்டு, சீனியைக் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார். சீனியை நக்குவதும் ஒரு மிடறு குடிப்பதுமாக இருந்த அவரைச் சின்னவன் கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு அவனும் கையை நீட்டினான். "எப்படியம்மா இருக்கு?" என்று கேட்டேன். கோப்பையைச் சாய்த்து நிறத்தைப் பார்த்தார். "சாயம் நல்லாத்தான் ஏறியிருக்கு. கொழுந்து கொஞ்சம் முத்தல்."